பச்சை விளக்கைப் பொருத்தியது யார்?

போன வருஷம் அக்கா மகளுக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அவள் பிஎச்டி மாணவி. மைக்ரோஸ்கோப் எடுத்த படங்களில் பாக்டீரியா எவ்வளவு பச்சையாக ஒளிர்கிறது என்று அளந்து கிராஃப் போட வேண்டும், அவ்வளவுதான். மரபணுவை இயக்கிவிட்டது ஒரு நேரம். ஆனால் கிராஃபில் பச்சை ஏறத் தொடங்கியது ரொம்ப நேரம் கழித்து. எங்கேயோ நேரக்கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்று இரண்டு ராத்திரி புரோகிராமைக் குடைந்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பக் எல்லாம் இல்ல மாமா. புரோட்டீன் வந்துடுச்சு, இன்னும் பழுக்கல."

புரோட்டீன் பழுக்குமா? தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

1961 கோடைக்காலம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜப்பானியர் ஒசாமு ஷிமோமுராவும் ஃபிராங்க் ஜான்சனும், வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் உள்ள ஃப்ரைடே ஹார்பரில் ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 10,000. அவற்றின் ஒளிரும் ஓரத்தை மட்டும் வெட்டிச் சேர்த்து, நீல ஒளி தரும் ஏக்வோரின் என்ற புரோட்டீனைப் பிரித்தார்கள். கூடவே இன்னொரு புரோட்டீனும் வந்தது. புற ஊதா ஒளியில் வைத்தால் பச்சையாக ஒளிர்ந்தது. 1962 கட்டுரையில் அதற்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு அளவுக்குத்தான். இன்று உலகம் ஜிஎஃப்பி என்று கொண்டாடுவது அதைத்தான்.

1979ல் ஷிமோமுரா ஒரு வினோதத்தைக் கண்டார். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம், ஹீமோகுளோபினில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. ஜிஎஃப்பியில் ஒளிரும் பகுதியோ புரோட்டீனின் சொந்தச் சங்கிலியிலிருந்தே உருவாகியிருந்தது. அப்படியானால் அதைச் செய்து கொடுப்பது யார்? ஜெல்லிமீனுக்குள் அதற்கென்று தனி நொதிகள் இருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு மறைமுக டிபென்டன்சி. அது உண்மையானால், இந்த மரபணுவை மட்டும் எடுத்து வேறு உயிரில் வைத்து ஒரு பயனும் இல்லை.

வுட்ஸ் ஹோலில் டக்ளஸ் பிரேஷர் அந்த மரபணு முழுவதையும் பிரித்து 1992ல் வெளியிட்டார். 238 அமினோ அமிலங்கள். அடுத்த கட்டத்துக்குப் போக நிதி கிடைக்கவில்லை. அந்த வேலையை விட்டு விலகினார். ஆனால் டிஎன்ஏவைப் பூட்டி வைக்காமல், கேட்டவர்களுக்கு அனுப்பினார். அப்படிப் பெற்றவர்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபியும் சான் டியேகோவின் ரோஜர் சியனும் உண்டு.

சால்ஃபியின் மாணவி கியா யூஸ்கிர்சென் அதை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தார். பச்சையாக ஒளிர்ந்தது! வேறு சிலரும் முயன்று தோற்றிருந்தார்கள். அவர்கள் டிஎன்ஏவை இருபுறமும் உபரித் துண்டுகளோடு வெட்டி எடுத்திருந்தார்கள். இவர் பிசிஆர் முறையில் புரோட்டீனுக்கான பகுதியை மட்டும் நகலெடுத்தார். தேவையில்லாத நாலு வரி ஒட்டிக்கொண்டு வந்தால் புரோகிராம் ஓடாது என்பது நமக்குத் தெரியாதா என்ன? 1994 பிப்ரவரியில் கட்டுரை வந்தது. ஜெல்லிமீனின் நொதி எதுவும் தேவையில்லை.

சரி, விளக்கைப் பொருத்துவது யார்? மடிப்புதான். சங்கிலி மடிந்து, 11 பட்டைகள் சேர்ந்த பீப்பாய் மாதிரி ஆகிறது (இந்த வடிவம் 1996ல் தெரிந்தது). பீப்பாயின் நடுவே 65, 66, 67ஆவது இடங்களில் செரின், டைரோசின், கிளைசின். மடிப்பு அந்த மூன்றையும் இறுக்கி வளைப்பதால் ஒரு வளையம் மூடுகிறது. ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. ஆக்சிஜன் வந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு போகிறது. இது முடிந்தால்தான் ஒளி. வெளியிலிருந்து தேவைப்படுவது ஆக்சிஜன் மட்டுமே. சியனின் ஆய்வகத்தில் ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்த பாக்டீரியாவில் புரோட்டீன் இருந்தது, ஒளி இல்லை. காற்றைத் திறந்துவிட்டதும் மெல்ல மெல்லப் பச்சை ஏறியது.

பழுப்பது என்பது இதைத்தான். மெதுவான வேலை. 65ஆவது செரினுக்குப் பதில் திரியோனைன் வைத்தால் ஆக்சிஜன் கட்டம் சுமார் நான்கு மடங்கு வேகமாகிறது என்று 1995ல் சியன் குழு காட்டியது. மடிப்பே ஒரு சோதனைக் கருவியாகவும் ஆனது. ஒரு புரோட்டீனின் வாலில் ஜிஎஃப்பியை ஒட்டினால், முன்னால் இருப்பது சரியாக மடியாதபோது பின்னால் இருப்பதும் பெரும்பாலும் ஒளிராது. ஜெஃப்ரி வால்டோ குழு 1999ல் செய்த யுக்தி அது.

ஆக, ஒளி தெரியவில்லை என்பதால் புரோட்டீன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மடியாமல் இருக்கலாம், காற்று கிடைக்காமல் இருக்கலாம், நேரம் ஆகாமல் இருக்கலாம்.

2008ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் வேதியியல் நோபல். அப்போது பிரேஷர் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். சில வருஷம் கழித்து சியனின் ஆய்வகத்திலேயே அவர் வேலைக்குச் சேர்ந்தார்.

புரோகிராமில் பழுக்கும் நேரத்துக்கு ஒரு திருத்தம் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கமெண்ட்டும் எழுதி வைத்தேன்: "தாமதம் நம் தப்பு இல்லை. காத்திருக்கவும்."