ரத்தம் ஏற்றும் தேவை எந்த நோய்களில் ஏற்படுகிறது?

'அவசரமாக ரத்தம் தேவை' என்ற கோரிக்கை வாட்ஸ்ஆப் குழுக்களில் நாள்தோறும் வலம் வருகிறது. ஆனால், நோயாளிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முழு ரத்தமன்று. அதன் ஒரு கூறு மட்டுமே. கொடையாளியிடம் பெறப்படும் ரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நோயாளிகளுக்கு அளிக்கப்படுகிறது. சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 42 நாள்கள் வரை வைத்திருக்க முடியும். தட்டணுக்களின் ஆயுள் 5 நாள்களே.

ஹீமோகுளோபின் குறைந்த அனைவருக்கும் ரத்தம் ஏற்றப்படுவதில்லை. உடல்நிலை சீராக உள்ள பெரியவர்களுக்கு அதன் அளவு டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கும்போதுதான் மருத்துவர்கள் பொதுவாக அது குறித்து முடிவெடுக்கின்றனர். இதய நோயாளிகளுக்கு இந்த வரம்பு 8 கிராம். ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஏறக்குறைய 1 கிராம் மட்டுமே உயரும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை பெரும்பாலும் மாத்திரையிலோ ஊசியிலோ சரியாகிவிடும். 'தெம்புக்காக ஒரு பாட்டில்' ஏற்றிக்கொள்வது தேவையற்ற ஆபத்து.

சாலை விபத்து, பெரிய அறுவை சிகிச்சை, இரைப்பைப் புண், கல்லீரல் நோயால் ஏற்படும் ரத்த வாந்தி ஆகியவற்றில் சில மணி நேரத்துக்குள் ரத்தம் தேவைப்படலாம். மகப்பேறும் அத்தகையதே. சுகப்பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் ரத்தம் வெளியேறினால் அது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்காகக் கருதப்படுகிறது. 2019-21-ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. ஆரோக்கியமான தாய் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு, இவர்களது உயிரைப் பறிக்கக்கூடும்.

வாழ்நாள் முழுவதும் பிறர் ரத்தத்தைச் சார்ந்திருக்கச் செய்யும் நோய் தலசீமியா மேஜர். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இக்குறைபாட்டுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மரபணுக் குறைபாட்டால் இவர்களின் உடல் போதிய ஹீமோகுளோபினை உற்பத்தி செய்வதில்லை. எனவே, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்றப்படுகிறது. ஆனால், அந்த ரத்தமே மற்றொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச்சத்து உள்ளது. அதை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து உறுப்புகளைச் சிதைக்கிறது. இரும்பை அகற்றும் மருந்தை நாள் தவறாமல் எடுத்துக்கொள்வது ரத்தம் ஏற்றுவதைப் போலவே முக்கியம். மருந்துச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பெற்றோர் இருவரும் இக்குறைபாட்டின் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் 25 சதவீத வாய்ப்பில் குழந்தை பாதிக்கப்படும். கடத்திகளுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. 'ஹெச்பி ஏ2' என்ற ரத்தப் பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ செய்தால் இதைக் கண்டறியலாம். பொருத்தமான உடன்பிறப்பிடம் பெறும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயைக் குணப்படுத்த வல்லது.

அரிவாள் வடிவ ரத்தசோகை மத்திய இந்தியப் பழங்குடியினரிடையே அதிகம் காணப்படுகிறது. 2047-க்குள் இதை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்திய பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. இந்நோயில் வலி வரும்போதெல்லாம் ரத்தம் ஏற்றப்படுவதில்லை. பக்கவாதம், நுரையீரல் பாதிப்பு போன்ற கடும் நிலைகளிலேயே அது தேவைப்படுகிறது.

தவறான புரிதல் அதிகம் நிலவுவது டெங்குவில்தான். தட்டணு எண்ணிக்கை 50,000 எனப் பரிசோதனை அறிக்கையில் கண்டவுடனே உறவினர்கள் கொடையாளிகளைத் தேடி ஓடுகின்றனர். ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை 10,000-க்குக் கீழே சென்றால் மட்டுமே தட்டணு ஏற்றுவதைப் பரிசீலிக்கலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது தட்டணுக் குறைவன்று. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து ரத்த அழுத்தம் சரிவதே. அதற்கான சிகிச்சை, அளவறிந்து செலுத்தப்படும் திரவங்கள்.

ரத்தப் புற்றுநோய், கீமோதெரபி, எலும்பு மஜ்ஜை செயலிழப்பு ஆகியவற்றில் சிவப்பணு, தட்டணு இரண்டுமே தேவைப்படலாம். ஹீமோபிலியாவுக்கு உறைதல் காரணி மருந்தே முதன்மை சிகிச்சை. அது கிடைக்காத இடத்தில்தான் பிளாஸ்மா.

பணத்துக்கு ரத்தம் கொடுப்பது உச்சநீதிமன்ற உத்தரவின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு யூனிட்டிலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனை கட்டாயம். 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகையினருக்கு 'ஓ' பிரிவு ரத்தமும் சேராது என்பதால், ஏற்றுவதற்கு முன் இருவரின் ரத்தத்தையும் பொருத்திப் பார்ப்பது தவிர்க்க முடியாதது.

தலசீமியா, அரிவாள் வடிவ ரத்தசோகை, ஹீமோபிலியா நோயாளிகளுக்குக் கட்டணமின்றி ரத்தம் வழங்க வேண்டும் என தேசிய ரத்தமேற்றல் கவுன்சில் அறிவுறுத்தியுள்ளது. இம்மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. மற்றவர்களிடம் ரத்தத்துக்கு விலை வாங்கக் கூடாது. பரிசோதனை, பதப்படுத்தலுக்கான கட்டணத்தை மட்டுமே ரத்த மையங்கள் பெறலாம். எந்த மையத்தில் எந்தப் பிரிவு ரத்தம் இருப்பில் உள்ளது என்பதை மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' இணையதளத்தில் அறியலாம்.