மொன்சோ தெரு, 63-ம் எண்

பாரிஸ் மெட்ரோவின் இரண்டாம் பாதையில், ஈழத் தமிழர்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஏறி மேற்கே போனால் சில நிறுத்தங்களில் மொன்சோ வந்துவிடும். மொன்சோ பூங்காவைச் சுற்றிச் செல்வந்தர்களின் கல்வீடுகள். அவற்றில் ஒன்று மொன்சோ தெருவின் 63-ம் எண் வீடு. தெருவில் நிற்பவருக்கு அதன் வாயில் கட்டடம் மட்டும்தான் தெரியும். அதைக் கடந்து முற்றத்துக்கு வந்த பிறகே, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பதினைந்தாம் லூயி எழுப்பிய பெத்தி திரியானோன் மாளிகையின் சாயலில் ஒரு முகப்பு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். இது நிசிம் து கமோண்டோ அருங்காட்சியகம்.

பெயருக்குரிய நிசிம் ஓவியர் அல்ல, கலைப்பொருள் சேகரித்தவரும் அல்ல. முதல் உலகப் போரில் 25 வயதில் விமானத்தில் இறந்த வாலிபர். வீட்டைக் கட்டியவரும் அதை நிரப்பியவரும் அவருடைய தந்தை மொய்ஸ் து கமோண்டோ. மகனுக்காகச் சேர்த்த சொத்தை மகன் இல்லாத நிலையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மொய்ஸ் கண்ட பதில்தான் இந்த அருங்காட்சியகம். அவர் நினைத்தே பார்த்திராத இன்னொரு பொறுப்பும் பிற்காலத்தில் இந்த வீட்டின் தலையில் விழுந்தது.

கமோண்டோக்கள் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள். இஸ்தான்புல்லில் 1802-ல் அவர்கள் தொடங்கிய வங்கி, ஆபிரகாம் சாலமோன் கமோண்டோவின் காலத்தில் ஒட்டோமான் அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. நகரின் கலாட்டா பகுதியில், வங்கித் தெருவிலிருந்து மேலே ஏறும் வளைந்த இரட்டைப் படிக்கட்டு இன்றும் கமோண்டோ படிக்கட்டு என்றே அழைக்கப்படுகிறது. புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1960-களில் அதைப் படம் எடுத்திருக்கிறார். 1867-ல் இத்தாலிய மன்னர் விக்டர் இம்மானுவேல் இந்தக் குடும்பத்துக்குக் கோமகன் பட்டம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எண்பது வயதைத் தாண்டிவிட்ட ஆபிரகாம் சாலமோன் பேரர்களோடு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். 1873-ல் அங்கே இறந்தபோது, அவருடைய உடல் அவர் பிறந்த நகருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்யப்பட்டது. பேரர்கள் இருவரும் மொன்சோ தெருவில் அடுத்தடுத்து, 61-லும் 63-லும் உள்ள மாளிகைகளில் குடியேறினார்கள். இவர்களில் இளையவரின் மகன்தான் மொய்ஸ். 1860-ல் இஸ்தான்புல்லில் பிறந்து, சிறுவனாகப் பாரிஸ் வந்தவர்.

வந்து சேர்ந்த ஊர் இந்தக் குடும்பத்தை எப்படிப் பார்த்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ரோத்சில்டுகள், எஃப்ருஸ்ஸிகள் போன்ற யூத வங்கிக் குடும்பங்கள் மொன்சோ வட்டாரத்தில் வீடு கட்டியபோது பாரிஸின் பத்திரிகைகளில் ஒரு பகுதி அதைப் படையெடுப்பு என்றே எழுதியது. 1886-ல் எதுவார் த்ருமோன் வெளியிட்ட யூத வெறுப்பு நூல் ஒன்று அமோகமாக விற்றது. 1894-ல் யூத ராணுவ அதிகாரி த்ரேஃபுஸ் மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு நாடே இரண்டாகப் பிளந்தது. பிரான்ஸின் மிகப் பிரெஞ்சுத்தனமான காலம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட 18-ம் நூற்றாண்டின் பொருள்களை மொய்ஸ் தேடித் தேடி வாங்கியது இந்தச் சூழலில்தான். ரசனை இருந்தது உண்மை. அதோடு, இந்த மண்ணில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று நிறுவும் தவிப்பும் இருந்தது.

1891-ல் மொய்ஸ் மணந்தது இரேன் காஎன் தாங்வேரை. அவரும் வங்கிக் குடும்பத்துப் பெண். எட்டு வயதில் ஓவியர் ரெனுவார் முன் அமர்ந்து படம் வரையப்பட்டவர். செம்பட்டைக் கூந்தல் தோளில் வழிய, நீல நாடாவோடு இருக்கும் அந்தச் சிறுமியின் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. நிசிம் 1892-லும் பெயாத்ரிஸ் 1894-லும் பிறந்தார்கள். இரேன், குடும்பத்தின் குதிரைகளைக் கவனித்துவந்த இத்தாலியக் கோமகன் சம்பியேரியோடு போய்விட்டார். 1902-ல் மணமுறிவு. பிள்ளைகள் தந்தையிடமே வளர்ந்தார்கள்.

தாயின் மறைவுக்குப் பிறகு 63-ம் எண் வீடு மொய்ஸின் கைக்கு வந்தது. அவர் அதில் குடியேறவில்லை. இடித்துத் தள்ளினார். ரெனே செர்ஜான் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தி 1911-ல் வேலையைத் தொடங்கினார். சாதாரணமாக வீடு கட்டி முடித்த பிறகே அதற்குச் சாமான் வாங்குவார்கள். இங்கே நடந்தது நேர்மாறு. பழைய பாரிஸ் வீடுகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட செதுக்குமரச் சுவர்ப்பலகைகளை மொய்ஸ் முன்பே வாங்கி வைத்திருந்தார். அந்தப் பலகைகளின் அளவுக்கு ஏற்றபடிதான் அறைகளின் நீளமும் உயரமும் வகுக்கப்பட்டன. 1914-ல் வீடு முடிந்தது. அந்த ஆண்டே போரும் மூண்டது.

மேல்தளங்களில் 18-ம் நூற்றாண்டு நிலவினாலும் சுவருக்குப் பின்னால் ஓடியது 20-ம் நூற்றாண்டு. லிஃப்ட், மின்சாரம், தூசி வடிகட்டிய வெப்பக்காற்று, ஓடு பதித்த குளியலறைகள் எல்லாம் இருந்தன. பார்வையாளர்கள் பலர் மாடிக்கு அவசரமாக ஏறிவிடுவார்கள். தரைத்தளத்துச் சமையலறையில் சற்று நின்று பார்ப்பது நல்லது. சுவரும் கூரையும் முழுக்க வெள்ளை ஓடு. ஒரு கறை பட்டாலும் உடனே கண்ணில் படும். நடுவில் வார்ப்பிரும்பில் செய்த மாபெரும் அடுப்பு. பக்கத்தில் இறைச்சி வாட்டும் கணப்பு, வரிசையாகச் செப்புப் பாத்திரங்கள். சமையல் வாடை விருந்துக்கூடத்தை எட்டக்கூடாது என்பதற்காகவே எல்லாம் திட்டமிடப்பட்டிருக்கிறது. உணவு தனி லிஃப்டில் மேலே போகும். அருகிலேயே பணியாளர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையும் இருக்கிறது. அரசர் காலத்து நாற்காலிகளை எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்துவிடலாம். அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்களுக்கு விருந்து எப்படித் தயாரானது, யார் யாருடைய உழைப்பில் நடந்தது என்பதை இவ்வளவு முழுமையாகக் காட்டும் இடங்கள் குறைவு.

மேலே வந்தால் பொருள்களின் வரலாறு பிரெஞ்சுப் புரட்சிக்கு இட்டுச் செல்லும். 1793-ல் புதிய குடியரசு வெர்சாய் அரண்மனையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டது. ஏலம் ஏறக்குறைய ஓராண்டு நீண்டது. மேசைகளும் அலமாரிகளும் கடிகாரங்களும் ஐரோப்பா முழுக்கச் சிதறின. அவற்றைப் போன்ற உயர்தரப் பொருள்களை வியாபாரிகளிடமும் ஏலங்களிலும் மொய்ஸ் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். கையில் இருப்பதைவிடச் சிறந்தது கிடைத்தால் பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவார். பெரிய வரவேற்பறையின் தரையில், பதினான்காம் லூயி லூவர் அரண்மனையின் நீண்ட கூடத்துக்காக நெய்வித்த சவோன்றி கம்பளங்களில் ஒன்று விரிந்திருக்கிறது. ரஷ்யப் பேரரசி கேத்தரின் பாரிஸில் செய்யச் சொன்ன, ஓர்லோஃப் தொகுதி எனப்படும் வெள்ளிப் பாத்திரங்களில் சில உணவறையில் உள்ளன. அரசி மரி அந்துவானெத்தின் ஓவியரான விஜே லெ ப்ருன் தீட்டிய ஒரு படமும் இங்கே உண்டு.

மரவேலையில் இரண்டு பெயர்களைக் கவனிக்கலாம்: ஓபென், ரீசெனர். பிரெஞ்சு மரவேலைக் கலையின் உச்சம் என்று போற்றப்படும் இந்த இருவரும் ஜெர்மன் மண்ணில் பிறந்து பிழைப்புக்காகப் பாரிஸ் வந்தவர்கள். பட்டறையில் வேலை பார்த்து, அரசனின் தச்சர்களாக உயர்ந்தவர்கள். பிரான்ஸின் அசல் அடையாளம் என்று கொண்டாடப்பட்ட கலையைச் செய்த கைகளே வந்தேறிகளின் கைகள். அதைக் காப்பாற்றிச் சேர்த்து வைத்தவரும் ஒரு வந்தேறி. த்ருமோனின் நூலுக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

உணவறையை ஒட்டிச் சின்ன அறை ஒன்று. சுவரலமாரிகள் முழுக்கச் செவ்ர் பீங்கான். இயற்கையாளர் புஃபோனின் பறவை நூலில் உள்ள படங்களைப் பார்த்து 1780-களில் தீட்டப்பட்டவை; ஒவ்வொரு தட்டிலும் ஒரு பறவை. தட்டைத் திருப்பினால் அடியில் அந்தப் பறவையின் பெயர் எழுதியிருக்கும். விருந்தாளிகள் இல்லாத நாள்களில் மொய்ஸ் இங்கேதான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பூங்கா மரங்களைப் பார்த்த ஜன்னல், சுற்றிலும் நூற்றுக்கணக்கான பறவைகள், ஒரே ஒரு நாற்காலிக்கு வேலை. பெரிய கூடங்களின் பொன்முலாம் சொல்லாததை இந்த அறை சொல்லிவிடுகிறது.

தனிமை 1917-ல் முழுமையானது. நிசிம் முதலில் குதிரைப்படையில் இருந்தார், பதுங்குகுழியில் போரிட்டார், பின்பு விமானப்படைக்கு மாறினார். எதிரி நிலைகளை வானிலிருந்து படமெடுப்பது அவர் வேலை. 1917 செப்டம்பர் 5 அன்று லொரேன் பகுதியில் வான்சண்டையில் அவருடைய விமானம் வீழ்ந்தது. சில நாள்கள் வரை உயிரோடு இருக்கிறாரா, சிறைப்பட்டாரா என்றே தந்தைக்குத் தெரியவில்லை. மகன் எங்கே என்று தெரியாமல் காத்திருந்த அந்த நாள்களில் ஆறுதல் கடிதம் எழுதியவர்களில் எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்தும் ஒருவர்.

மொய்ஸ் தொழிலிலிருந்து விலகினார். வங்கிக்கு வாரிசு இல்லை. ஆனாலும் பொருள் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. 1924-ல் எழுதிய உயிலில் வீட்டையும் அதிலுள்ள அனைத்தையும் அலங்காரக் கலைகளுக்கான பிரெஞ்சு நிறுவனத்துக்கு விட்டுச் சென்றார். தன் தந்தையின் பெயரும் நிசிம்தான், மகனின் பெயரும் நிசிம்தான். அருங்காட்சியகம் அந்தப் பெயரைத் தாங்க வேண்டும். எந்தப் பொருளும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, கண்காட்சிக்கு இரவலாகக்கூட. வீடு தான் வாழ்ந்தபடியே இருக்க வேண்டும். எப்படிப் பராமரிப்பது என்பதற்கும் விரிவான குறிப்புகளை எழுதி வைத்தார்.

இப்படி நிபந்தனையோடு வீட்டை விட்டுப்போனவர்கள் வேறு சிலரும் உண்டு. லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 1833-ல் நாடாளுமன்றச் சட்டமே இயற்ற வைத்தார். பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் ஒழுங்கை மாற்றினால் எல்லாம் பறிபோகும் என்று எழுதி வைத்தார்; 1990-ல் அங்கே 13 கலைப்பொருள்கள் திருடுபோன பிறகு வெற்றுச் சட்டங்கள் அப்படியே சுவரில் தொங்குகின்றன. மொய்ஸின் ஒன்றுவிட்ட சகோதரர் இசாக் து கமோண்டோ வேறு வழியில் போனார். மானே, மோனே, தெகா ஓவியங்களை வாங்கியவர் அவர். 1911-ல் இறந்தபோது தொகுப்பு முழுவதையும் லூவருக்கே கொடுத்துவிட்டார். மானேயின் குழல் வாசிக்கும் சிறுவன் இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது அவருடைய கொடையால்தான். அந்தப் படத்துக்கு முன் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கமோண்டோ என்ற பெயரைக் கவனிக்கிறார்கள்? பெயரைக் காப்பாற்றும் விஷயத்தில் மொய்ஸின் பிடிவாதமே பலித்தது.

மொய்ஸ் 1935-ல் இறந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மகள் பெயாத்ரிஸ், லெயோன் ரெய்னாக் என்ற இசையமைப்பாளரை மணந்து ஃபானி, பெர்த்ரான் என்ற இரு பிள்ளைகளோடு பாரிஸ் பகுதியிலேயே வாழ்ந்துவந்தார். ரெய்னாக் குடும்பமும் கொடையாளிக் குடும்பம்தான். லெயோனின் தந்தை தெயோதோர், மத்தியதரைக் கடலோரத்தில் கிரேக்க பாணியில் தான் கட்டிய கெரிலோஸ் மாளிகையை நாட்டுக்கு எழுதி வைத்தவர்.

1940-ல் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. அக்டோபரில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயாத்ரிஸின் உடைமையாக இருந்த ரெனுவார் படத்தை, அவருடைய தாயின் சிறுவயதுப் படத்தை, நாஜிகள் 1941-ல் பறித்துச் சென்றார்கள். லெயோன் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநருக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். தங்கள் குடும்பங்கள் நாட்டுக்குக் கொடுத்தவற்றை அதில் நினைவூட்டினார். பயனில்லை. போரில் உயிர்விட்ட ஒரே அண்ணன், தேசத்துக்குத் தந்தை கொடுத்த மாளிகை, பெரிய இடத்து நட்புகள்; இவை தன்னைக் காக்கும் என்று பெயாத்ரிஸ் நம்பியிருந்தார். 1942 டிசம்பரில் அவரும் ஃபானியும் கைது செய்யப்பட்டார்கள். ஸ்பெயின் எல்லையைக் கடக்க முயன்ற லெயோனும் பெர்த்ரானும் பிடிபட்டார்கள். நால்வரும் பாரிஸுக்கு அருகில் உள்ள த்ரான்சி முகாமில் அடைக்கப்பட்டார்கள். லெயோனும் பிள்ளைகளும் 1943 நவம்பரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். பெயாத்ரிஸ் 1944 மார்ச்சில். ஒருவரும் திரும்பவில்லை. பெயாத்ரிஸ் இறந்தது 1945 ஜனவரித் தொடக்கத்தில். அந்த மாதம் 27-ம் தேதி சோவியத் படை ஆஷ்விட்ஸ் முகாமை விடுவித்தது. கமோண்டோ வம்சம் அத்தோடு முடிந்தது.

தந்தை கொடுத்த நாற்காலிகள் அவ்வளவு காலமும் நாட்டின் சொத்தாகக் காக்கப்பட்டன. அந்த நாட்டின் காவலர்களே அவருடைய மகளையும் பேரப்பிள்ளைகளையும் காவலில் வைத்தார்கள். வாயிலைக் கடக்கும்போது சுவரில் இருக்கும் கல்வெட்டு அந்த நால்வரின் பெயரையும் சொல்கிறது. வீட்டைப் பார்த்து முடித்துத் திரும்பும்போதுதான் பலர் அதைப் படிக்கிறார்கள். முதலில் படித்துவிட்டு உள்ளே போவதே முறை.

ரெனுவாரின் படம் நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போய், வேறு படங்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. போருக்குப் பின் 1946-ல் அது இரேனிடமே திரும்பி வந்தது. சம்பியேரி என்ற இத்தாலியப் பெயரோடு அவர் பிழைத்திருந்தார். கொல்லப்பட்ட மகளின் சொத்துக்கும் அவரே வாரிசானார். 1949-ல் அந்தப் படத்தை அவர் விற்றார். வாங்கியவர் எமில் பூர்லே. ஹிட்லரின் ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றுப் பெரும்பணம் சேர்த்த சுவிஸ் ஆயுத உற்பத்தியாளர். 2021-ல் பூர்லேயின் தொகுப்பு ஜூரிச் நகர அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்துக்கு வந்தபோது, ஒவ்வொரு படமும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவாதம் சுவிட்சர்லாந்தில் பெரிதாக வெடித்தது. மொன்சோ தெரு வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வெளியே போக முடியாது. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றவளின் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூரிச்சுக்குத்தான் ரயிலேற வேண்டும்.