நாய்க்கடிக்கு மலையேறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் ஒருவரை வெறிநாய் கடித்துவிட்டால், விஞ்ஞானம் அறிந்த சிகிச்சை பாரீசில் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலரை அரசே கப்பலேற்றி அங்கே அனுப்பியதுண்டு. மற்றவர்களுக்குக் காயத்தில் காய்ச்சிய இரும்பு, பச்சிலை, மந்திரித்த கயிறு. அதற்குப் பிறகு காத்திருப்பு.

அந்தக் காத்திருப்புதான் இந்த நோயின் விசித்திரம். அம்மையும் காலராவும் வந்தால் சில நாளில் தெரிந்துவிடும். ரேபீஸ் கிருமியோ கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல ஊர்ந்து மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். கடி முகத்திலோ தலையிலோ என்றால் இன்னும் சீக்கிரம். மூளையைத் தொட்டபின் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், காற்றுப் பட்டாலே உடல் துடிக்கும், அதன்பின் பிழைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் கிருமி ஊர்ந்து போகும் அந்தச் சில வாரங்கள் மருத்துவத்துக்குக் கிடைக்கும் அவகாசம். கிருமிக்கு முன்பாக உடலில் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிட்டால் உயிர் தப்பும்.

இதை நம்பித்தான் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று அல்சாஸிலிருந்து வந்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டார். வெறிநோய் ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர வைத்தால் நாளாக ஆக அதன் வீரியம் குறையும். நன்கு உலர்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடியதாகப் பதின்மூன்று ஊசிகள். பையன் பிழைத்தான். மூன்றே ஆண்டில் பாரீசில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் எழுந்தது. இந்தியாவில் முதலாவது 1900-ல் இமயமலைச் சரிவில், சிம்லாவுக்கு அருகே உள்ள கசௌலியில் தொடங்கியது. தஞ்சாவூரில் கடிபட்டவருக்குக் கசௌலி பாரீசைவிடப் பக்கம்தான். ஆனாலும் போய்ச் சேர முடியாத பக்கம்.

1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்தார். தெற்கில் சிகிச்சை இல்லாததால் போன உயிர் என்று குரல் எழுந்தது. ஊருக்கு ஊர் அதே சாவு அதுவரை நடந்துகொண்டுதான் இருந்தது. அரசின் காதில் விழுந்தது இந்த ஒரு சாவு. எஃகு முதலாளி கார்னகியின் கூட்டாளியான ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர், நல்ல காரியத்துக்குச் செலவிடச் சொல்லி வைஸ்ராய் கர்சனிடம் ஒரு பெருந்தொகை கொடுத்திருந்தார். அதில் ஒரு பங்கு பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சிக்கும், ஒரு பங்கு தெற்கே ஒரு பாஸ்டர் நிலையத்துக்கும் போனது. ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் குளிர்ந்து கிடந்த குன்னூரில் 1907 ஏப்ரல் 6 அன்று தென்னிந்திய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் தடுப்பு மருந்து கெடாமல் இருக்க மலைக்காற்றே துணை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லேயே மலை ரயில் வந்திருந்தது.

ஆனால் மாகாணம் வடக்கே கஞ்சம் மாவட்டத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்டு கிடந்தது. கிராமத்தில் நாய் கடித்தால் முதலில் வைத்தியர், பிறகு கோயில், பிறகு யாரோ சொல்லி அரசு டாக்டர், அதன்பின் ரயில். கிருமிக்கும் மனிதருக்கும் நடந்த அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

இந்தத் தூரத்தை உடைத்தவர் கசௌலியின் முதல் இயக்குநர் டேவிட் செம்பிள். அவர் 1911-ல் விலங்கின் மூளையில் (பின்னாளில் பெரும்பாலும் ஆட்டு மூளையில்) கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதைக் கொன்று, ஊசி மருந்தாக்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்த மருந்தைப் புட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். நோயாளி மலையேற வேண்டாம், மருந்து மலையிறங்கும். தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு நாய்க்கடி ஊசி வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அதற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. மருந்தின் அளவு அதிகம் என்பதால் தோல் தளர்ந்த அடிவயிற்றில்தான் போடுவார்கள். தினம் ஒன்றாகப் பதினான்கு நாள் வரை. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்ற பேச்சு பல தலைமுறைகளை நடுங்க வைத்தது இந்த மருந்தால்தான். வலியைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதில் கலந்திருந்த ஆட்டு மூளைத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய உடல், ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் என்ற விகிதத்தில் தன் நரம்புகளையே தாக்கியது. உயிர் பிழைக்கப் போனவர் கைகால் விழுந்து திரும்பினார். ஊசிக்குப் பயந்து பாதியில் நின்றவர்களையும், காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்களையும் மூடர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மருந்தும் அவர்களைப் பயமுறுத்தியது.

குன்னூர் ஊசி தயாரிப்பதோடு நிற்கவில்லை. ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியையும் சத்துக்குறைவையும் ஆராய்ந்தது இங்கேதான். அந்த ஆய்வகம் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1957-ல் பறவைக் காய்ச்சலின் கூறுகள் கலந்து பிறந்த ஆசிய ஃப்ளூ, கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அதைத் தொடர்ந்து கவனித்ததும் குன்னூரின் இன்ஃப்ளூயன்சா மையம்தான். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் படுத்ததாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அதன் கணக்கு சொன்னது.

வெறிநோய் ஆய்வில் குன்னூரின் பெயரை உலகறியச் செய்தவர் இயக்குநராக இருந்த என். வீரராகவன். கடுமையான கடிக்கு ஊசியோடு, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் சீரமும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு பயன் என்று அவர் குழு அளந்து பார்த்தது. 1960-களில் அவர்கள் கையில் ஒரு நாய் கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையின் சுரண்டையைச் சேர்ந்தது. பார்வைக்கு நல்ல ஆரோக்கியம், ஆனால் உமிழ்நீரில் விட்டு விட்டுக் கிருமி. கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார், சாகாவிட்டால் பயமில்லை என்பது உலகம் முழுக்க உள்ள விதி. பெரும்பாலும் சரியான விதிதான், இன்றும் அது கைவிடப்படவில்லை. ஆனால் நாய் நன்றாக இருப்பதைக் காட்டி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு, மருத்துவ நூல்களில் ஏறிய அரிதான சான்று இந்தச் சுரண்டை நாய்.

ஆட்டு மூளையிலிருந்து விடுதலை வெளிநாட்டில் பிறந்தது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் உருவாக்கிய தடுப்பு மருந்தை ஈரானில், வெறிபிடித்த நாயும் ஓநாயும் கடித்த 45 பேருக்குப் போட்டார்கள். 45 பேரும் பிழைத்தார்கள் என்ற செய்தி 1976-ல் வெளியானது. புதிய மருந்தைத் தோளில், சில தவணைகளில் போட்டால் போதும். அப்படியிருந்தும் இந்தியா ஆட்டு மூளை ஊசியைக் கைவிட்டது 2004 இறுதியில்தான். நல்ல மருந்து விலை கூடியது, பழைய மருந்து அரசிடம் மலிவாக இருந்தது. வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனையில் புதிய ஊசி போட்டுக்கொள்ள, ஏழை மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகள் நம் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு கறை. 2006-ல் தோலுக்குள் சிறிதளவு போடும் முறை அனுமதிக்கப்பட்டதும், ஒருவருக்கான மருந்து பலருக்குப் போதுமானதாக ஆனது.

இவ்வளவும் கடிபட்ட மனிதரின் கதை. நாயின் பக்கம் நாம் திரும்பியது மிகத் தாமதம். 1990-களின் நடுப்பகுதி வரை சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றாலும் அந்த இடத்துக்கு வேறு நாய்கள் வந்தன. பிறகு கருத்தடை வந்தது, 2001-ல் அதற்குத் தேசிய விதிகள் வந்தன. ஆனால் நோயை நிறுத்துவது நாய்க்குப் போடும் தடுப்பூசி. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு அதை விடாமல் போட்டுவந்தால் கிருமிக்குப் போக்கிடம் இருக்காது. கருத்தடைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் ஊராட்சிகள் இதற்குக் காட்டவில்லை.

தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபீஸ் இறப்புகள் 43. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாநிலத்தில் இந்த 43-ல் அநேகம் தவிர்த்திருக்கக் கூடியவை. கடித்தது தெருநாயோ வளர்ப்பு நாயோ, குட்டியோ பூனையோ, உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், காயம் ஆழமென்றால் சீரமும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தவணை எதையும் தவறவிடாதீர்கள். பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள், அவர்களைத் திட்டாதீர்கள். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.