சேலைமேல் சட்டை

புடவை, தாவணி, துப்பட்டாவுடன் சுடிதார். நான் வரலாறு கற்பிக்கும் கல்லூரியின் கையேட்டில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட உடைகள் இந்த மூன்றுதான். 'நமது பண்பாட்டுக்கு ஏற்ற உடை' என்று தலைப்பு. ஆண்களுக்கு ஒரே வரி: பேன்ட், சட்டை. பெண்களுக்குப் பதினோரு வரிகள். ஏறக்குறைய இதே பட்டியலை வேறு இடங்களிலும் படித்திருக்கிறேன். 2016 ஜனவரி 1 முதல் தமிழகக் கோயில்களில் நடைமுறைக்கு வந்த உடைக் கட்டுப்பாட்டில் பெண்களுக்குப் புடவை, தாவணி, மேலாடையுடன் சுடிதார் என்று இருந்தது. சில வாரங்களில் அதற்குத் தடை வந்தது வேறு விஷயம். 2019 ஜூன் மாதம் அரசு ஊழியர்களுக்கு வந்த ஆணையிலும் புடவைக்குப் பக்கத்தில் சல்வார் கமீஸும் சுடிதாரும் இருந்தன, துப்பட்டாவை மறக்கவில்லை.

பண்பாட்டைக் காப்பாற்றும் இந்த உடைகளில் சுடிதார், துப்பட்டா இரண்டுக்கும் தமிழில் பெயர்கூடக் கிடையாது. புடவையோடு சேர்த்துப் போடும் ஜாக்கெட்டுக்கு ஆங்கிலத்திலிருந்து பெயர் எடுத்தோம். எண்பதுகளின் கடைசியில் நான் பி.ஏ. படித்த கல்லூரி விடுதியில் சுடிதாருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. அதையும் மாடியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும், பார்வையாளர் அறைக்கு வரக் கூடாது. 'இந்திக்காரி மாதிரி' என்பார் எங்கள் வார்டன். அப்படிப்பட்ட உடை முப்பது வருடத்துக்குள் கோயிலுக்கே ஏற்ற உடையாகிவிட்டது. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் ஆசை. அதற்குக் காரணம் என் மாணவி ஒருத்தி.

பெயர் வேண்டாம். முதலாண்டிலேயே அவளைத் தெரியாதவர்கள் கல்லூரியில் இல்லை. ஒரு காதில் ஜிமிக்கி, மறு காதில் அலுமினியக் கம்பியில் தானே வளைத்துச் செய்த தண்டட்டி. கைப்பைக்குப் பதில் ஆச்சியின் சுருக்குப் பை. பழைய சுங்குடிச் சேலையைப் பிரித்துத் தைத்த சுடிதார். அதில் இரண்டு பக்கமும் பெரிய பைகள். துப்பட்டா உண்டு. ஆனால் சில நாள் அது தலைப்பாகையாக இருக்கும். கையேட்டில் துப்பட்டா வேண்டும் என்றுதான் இருந்ததே தவிர எங்கே வேண்டும் என்று இல்லை. (அடுத்த பதிப்பில் 'இரு தோள்களிலும் பின் குத்தி' என்று சேர்த்தார்கள். நம் நிர்வாகங்கள் இத்தனை வேகமாக வேறு எதையும் திருத்தி நான் பார்த்ததில்லை.) இடது முன்கையில் புள்ளிக் கோலம் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தாள்.

மூன்றாமாண்டில் ஒரு நாள் கண்டாங்கிச் சேலை கட்டி, அதன்மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்கள் போட்டிருப்பார்களே, அப்படி. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விளக்கக் கடிதம், பெற்றோரை அழைத்து வருதல், ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று வழக்கம்போல் எல்லாம் நடந்தன. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். முதலில், "இது என்ன மாறுவேடப் போட்டியா?" என்று கேட்டார்கள். அடுத்த கேள்விதான் முக்கியமானது: "காலேஜுக்கு வர்ற பொண்ணு சித்தாள் மாதிரி வரலாமா?"

மூடுவதற்காகத்தான் இந்த விதிகள் என்றால், அன்று கல்லூரியில் அதிகம் மூடியிருந்தவள் அவள்தான். கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தாள். மணிக்கட்டு வரை துணி. கீழே ஆறு கஜம். அவளை நிறுத்தியதற்கு உடம்பு தெரிந்தது காரணமில்லை; வேலை தெரிந்தது. அந்த உடையில் அவள் யார் வீட்டுப் பெண் என்பது தெரிந்துவிட்டது.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் உயர்சாதியினர் முன்னால் மேலுடம்பை மூடக் கூடாது என்று இருந்தது. 1814இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. மிஷனரிகளுக்கு அது போதுமாக இருந்தது. உடம்பு மூடினால் சரி என்பது அவர்கள் ஊர் நாகரிகம். பெண்களுக்கு அது போதவில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் போட ஆரம்பித்தார்கள், நாயர் பெண்கள் போடுவதைப் போலவே. கலவரம் அதற்குத்தான். 1820களில் சந்தைகளில் பெண்களின் துணியைக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்தது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது.

முப்பது வருடம் கழித்து மறுபடியும் கலவரம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26 அன்று இன்னொரு பிரகடனம் வந்தது. இதை நான் வகுப்பில் இரண்டு முறை படிக்கச் சொல்வேன். நாடார் பெண்கள், எந்த மதத்தவரானாலும், குப்பாயம் போடலாம். அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மேலுடம்பைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது. மூடிக்கொள், ஆனால் நீ யார் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான் அரசு கொடுத்த உரிமை. எங்கள் கல்லூரிக் குழு அதைத் தலைகீழாகக் கேட்டது: மூடிக்கொள், ஆனால் நீ யார் என்பது தெரியவே கூடாது.

இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடநூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 கடைசியில் சிபிஎஸ்இ அறிவித்தது. 2019இல் அத்தியாயமே நூலிலிருந்து போய்விட்டது. சீருடை போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் படிக்க அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

புடவைக்கே வருவோம். உள்பாவாடை, ஜாக்கெட், முன்கொசுவம், இடது தோளில் முந்தானை என்று இன்று நாம் சொல்லும் முழுத் தொகுப்பு அப்படியொன்றும் பழையதல்ல. 1860களில், முதல் இந்திய ஐசிஎஸ் அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதாநந்தினி தேவி கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் போனார். வங்கத்து வீட்டுப் பெண்கள் அப்போது உள்பாவாடையும் ரவிக்கையும் இல்லாமல் மெல்லிய சேலையைச் சுற்றியிருந்தார்கள். வெளியே போவதற்கென்று உடை கிடையாது, வெளியே போவதே கிடையாதே. பம்பாயில் பார்சிப் பெண்களிடம் பார்த்ததைத் தன் வசதிக்கு மாற்றி, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்துக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜத்துப் பெண்கள் ஏற்றுக்கொண்டதால் அதற்குப் 'பிரம்மிகா சேலை' என்று பெயர் வந்தது. புதுப் பாணியில் கட்டிய முதல் வருடங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு என் மாணவியைப் பார்ப்பதுபோல்தான் இருந்திருக்கும். இங்கே எங்கள் ஊரில் பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டி, ஜாக்கெட்டே போடாமல் இருந்த ஆச்சிகளை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் இன்று எங்கள் கல்லூரி வாசலுக்கு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொரு மாணவியும் நினைவுக்கு வருகிறார். 1885 அக்டோபரில் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் எடுத்த புகைப்படம் ஒன்று. சேலையில் ஆனந்திபாய் ஜோஷி, கிமோனோவில் ஜப்பானின் ஒகாமி கெய்கோ, தன் நாட்டு உடையில் சிரியாவிலிருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி. மருத்துவம் படிக்க வந்த மூன்று பெண்கள். அந்த வளாகத்தில் விசித்திரமான உடை என்றால் ஆனந்திபாயின் சேலைதான். இங்கிருந்து கிளம்புமுன் தன் பழக்கங்களை மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்று பொதுக்கூட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார். அது பக்தியா, பிடிவாதமா, பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பத் தயங்கிய சமூகத்துக்குக் கொடுத்த வாக்குறுதியா என்று பிரித்துச் சொல்வது கடினம். 1886இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடம், இருபத்தொரு வயதில் இறந்தார்.

குழுவில் பச்சைக் கோலமும் பேசப்பட்டது. 'ரவுடித்தனம்' என்றார் ஒருவர். "மேம், இது எங்க ஆச்சி கைல இருந்த கோலம். அவங்க எரிஞ்சதோட அதுவும் போயிடுச்சு" என்றாள் அவள் என்னிடம், பிறகு, வெளியே. எங்கள் பக்கத்துக் கிழவிகள் எத்தனை பேர் கையில் அது உண்டு! குறத்தியர் ஊசியால் குத்தி, மஞ்சள் பூசிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் போன அடுத்த தலைமுறை அதை அநாகரிகம் என்று விட்டது. தண்டட்டி, பாம்படம் கதையும் அதுதான். குழந்தையிலேயே காது குத்தி, கனம் ஏற்றி, தோள்வரை வளர்த்த காதுகளை, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும் அறுத்து ஒட்டுப்போட்டுக்கொண்ட பெண்கள் தென்மாவட்டங்களில் உண்டு. மிஷனரிகளும் அதை எதிர்த்தார்கள். வலியையும் சீழையும் நினைத்தால் அதில் நியாயமும் இருந்தது. அலுமினியக் கம்பியை மாட்டிக்கொண்ட என் மாணவி காது வளர்க்கவில்லை. அந்த வலியை அவள் கேட்கவும் இல்லை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பேன்ட் பற்றிச் சொல்லாமல் முடியாது. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆண்களைப் போல லுங்கியும் சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்ன மண் இது. அவர் சொன்னது நேரத்தையும் செலவையும் கணக்குப் பார்த்து. கேட்ட இயக்கங்கள் கடவுள் மறுப்பைக்கூட ஏற்றுக்கொண்டன, இதை ஏற்கவில்லை. மேடையேறிய பெண்கள் பெரும்பாலும் சேலையில்தான் ஏறினார்கள். 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் வெளிநாட்டு நாகரிகம் பழகிய கதாநாயகியை அடக்கிச் சேலைக்குக் கொண்டுவருவதைத் தமிழ்நாடே கைதட்டிப் பார்த்தது. அந்த வேடத்தில் நடித்தவர் முதலமைச்சராக இருந்த 2005இல்தான் அண்ணா பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை, இறுக்கமான உடைகளைத் தடை செய்தது. மேற்கத்திய உடை என்பதுதான் ஆட்சேபம் என்றால், பேன்டும் சட்டையும் போட்டு உத்தரவு போட்ட ஆண்களை என்ன சொல்வது?

குழுவில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல அங்கே இடமில்லை. விதியில் சட்டைக்குத் தடை இல்லை, சேலை அனுமதிக்கப்பட்டது, எனவே தண்டனைக்கு வழியில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

எனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது அவளுடைய அம்மாவிடம்தான். சித்தாள் வேலை. அன்று கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நல்ல சேலை, கொசுவம் மடிப்புக் கலையாமல் பின் குத்தி, தோளில் கைப்பை. குழு கேட்பதற்கு முன்னாலேயே மகளைத் திட்டத் தொடங்கினார்: "நான் இதைக் கழட்டணும்னுதானடி உன்னைப் படிக்க வைக்கிறேன். நீ எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நிக்கிற." குழுவினருக்கு மகிழ்ச்சி. தாயே தங்கள் பக்கம் என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்பாயம் கொடுத்தபோது அது போதாது, தோள்சீலைதான் வேண்டும் என்ற பெண்களின் வரிசையில்தான் அவரும் நின்றார். மேலே இருப்பவர்களின் உடையைக் கேட்பது அவருடைய போராட்டம். கீழே இருப்பதாகச் சொல்லப்படும் உடையைப் பெருமையாகப் போட்டுக்கொள்வது மகளுடையது. இரண்டாவதற்குத் துணிய, முதலாவது ஏற்கெனவே பாதி கிடைத்திருக்க வேண்டும். அம்மா உழைத்துக் கொடுத்த இடத்தில் நின்றுதான் மகள் அந்தச் சட்டையை ஃபேஷனாக்க முடிந்தது. அதற்காக மகளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் அவள் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்கு எடுத்த தலைப்பு, 'சேலைமேல் சட்டை'. நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், சித்தாள்கள் என்று போய்ப் பேசினாள். இந்தச் சட்டைக்கு எந்தப் பிரகடனமும் இல்லை, தடையும் இல்லை, அதனால் ஆவணமும் இல்லை. யாருடைய சட்டை, எப்போதிருந்து, எதற்காக என்று கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. புருஷன் போட்டுக் கழித்தது, செத்துப்போன தம்பியுடையது, பிளாட்பாரத்தில் வாங்கியது. வெயிலுக்கு, சிமென்ட் தூசுக்கு, கதிர் அறுப்பதற்கு. குனிந்து சட்டி தூக்கும்போது மேலே நிற்கிற கொத்தனாரின் கண்ணுக்கு. ஏறக்குறைய எல்லோரும் சொன்ன ஒரு விஷயத்தை அவள் எதிர்பார்க்கவில்லை: வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி மடித்து ஒயர் கூடையில் வைத்துவிடுகிறார்கள்.

அவள் அம்மாவும் கடைசியில் பதில் சொன்னார், நிறையத் திட்டிய பிறகு. வெயில், தூசு என்று மற்றவர்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பிறகு பை. ஜாக்கெட்டில் பை கிடையாது, சட்டையில் உண்டு. போன், வெற்றிலைப் பாக்கு, மேஸ்திரி எழுதித் தரும் சீட்டு எல்லாம் அதில்தான். முன்பு சம்பளத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, வீடு வந்து எடுத்தால் நோட்டுகள் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். பிரித்துக் காயவைத்துத்தான் எண்ண வேண்டியிருக்குமாம்.