பொத்தலைத் தேடிப் பிறந்த அறுவைச் சிகிச்சை

1912-ல் வெய்ல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் தன் சக மருத்துவர்களைக் கேட்டுப் பார்த்தார்: விழித்திரை விலகியவர்களில் எத்தனை பேரைக் குணப்படுத்தியிருக்கிறீர்கள்? வந்த பதில்களைத் தொகுத்தால், ஆயிரத்துக்கு ஒருவர். கண்ணைக் கட்டி, தலை அசையாதபடி வாரக்கணக்கில் படுக்கவைப்பதுதான் அன்றைய வைத்தியம். தண்டனை என்றே சொல்லலாம்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ், வயது ஏற ஏற நீர்த்து விழித்திரையிலிருந்து விடுபடும். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. சிலருக்கு மட்டும் போகிற போக்கில் விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்தால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்வதுபோல விழித்திரை பெயர்ந்து வரும். பின்சுவரிலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோக, அந்தப் பகுதி மெல்லச் சாகத் தொடங்கும்.

இந்தப் பொத்தலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே பார்த்திருந்தார்கள். ஆனால் விலகியதால் கிழிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். கிழிந்ததால்தான் விலகியது, பொத்தலை அடைத்தால் கண் பிழைக்கும் என்று அடித்துச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கொனின்.

அவர் கத்தியை எடுப்பதற்கு முன் செய்த வேலைதான் அபாரம். சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து, ஒற்றைக் கண்ணால் கருவிக்குள் பார்த்துப் பார்த்து, விழித்திரையைப் படமாக வரைவார். பொத்தல் கடிகார முகப்பின் எத்தனை மணித் திசையில், கருவிழி ஓரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் என்று கணக்கிடுவார். பிறகு வெள்ளைவிழியில் அதே இடத்தைக் குறித்துக் கீறி, பழுக்கக் காய்ச்சிய முனையைச் சில விநாடிகள் உள்ளே இறக்குவார். தேங்கிய நீர் வழிந்துவிடும். சூடுபட்ட இடம் தழும்பேறிப் பொத்தலை மூடும். குறி கொஞ்சம் பிசகினால் பொத்தல் அப்படியே நிற்கும், சூடு வைத்ததுதான் மிச்சம்.

ஏறத்தாழ பாதிப் பேர் தேறினார்கள். ஆனாலும் மருத்துவ உலகம் லேசில் நம்பவில்லை. 1929-ல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில், அவர் முறையைக் கைக்கொண்ட பிற நாட்டு மருத்துவர்களும் தங்கள் வெற்றிகளை எடுத்து வைத்த பிறகே வாதம் அடங்கியது. 1935-ல் கொனின் மறைந்தார்.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பொத்தல்கள் பெரும்பாலும் விழித்திரையின் ஓரங்களில்தான் விழும். ஒற்றைக் கண் கருவிக்கு அந்த ஓரம் எளிதில் எட்டாது. இதைத் தீர்த்தவர் கதையிடம் சினிமா தோற்கும். சார்ல்ஸ் ஷெப்பன்ஸ், பெல்ஜிய மருத்துவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது பொய்ப் பெயரில் பிரெஞ்சு எல்லையில் மர ஆலை நடத்துவதாகக் காட்டிக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிரனீஸ் மலை வழியே ஸ்பெயினுக்குத் தப்பவைத்தவர். பிறகு தானும் தப்பி லண்டன் சேர்ந்து, கிடைத்த உலோகத் துண்டுகளைக் கொண்டு அங்கே ஒரு கருவி செய்தார். தலையில் மாட்டிய விளக்கு, ஒரு கையில் வில்லை, இரு கண்ணாலும் பார்வை. மறு கையால் வெள்ளைவிழியை வெளியிலிருந்து லேசாக அழுத்த, ஒளிந்திருந்த ஓரம் தெரிந்துவிடும்.

பொத்தலைக் கண்டபின் அடைக்கும் வழிகள் பெருகின. சிலிக்கோன் பட்டையால் கண்சுவரை உள்நோக்கி அழுத்துவது, குளிரால் உறையவைத்தோ லேசரால் சுட்டோ தழும்பேற்றுவது, வாயுக்குமிழியை உள்ளே விடுவது. 1970-ல் மயாமியில் ராபர்ட் மெக்கமர், கூழையே ஊசி வழி வெட்டி உறிஞ்சும் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முன் முட்டையின் வெள்ளைக்கருவில் ஒத்திகை பார்த்திருந்தார்.

பின்னாளில் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்த ஷெப்பன்ஸிடம் அங்கே பயின்ற எஸ். எஸ். பத்ரிநாத் நாடு திரும்பி 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். ஷெப்பன்ஸின் அந்தத் தலைவிளக்கு இன்று விழித்திரை மருத்துவர்களின் அன்றாடக் கருவி.

இத்தனை இருந்தும், நோயாளி தாமதித்து வந்தால் மருத்துவரால் செய்ய முடிவது குறைவு. நடு விழித்திரை பெயர்வதற்கு முன் வந்தால் பார்வை நன்றாகவே மீளலாம். பெயர்ந்தபின் பழைய கூர்மை பலருக்குத் திரும்புவதில்லை. வலி இருக்காது, அதனால் ஏமாந்துவிடுவோம். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரைபோல் நிழல் இறங்கினாலோ, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.