'கேவியட்': ஒரு சட்டச்சொல்லின் பொருள் வரலாறும் தமிழ் வழக்கும்

முன்னுரை

உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வெளியான சில நாட்களில், 'உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல்' என்னும் செய்தி தமிழ் நாளிதழ்களில் வருவது இயல்பு. தங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு எதுவும் பிறப்பிக்கக் கூடாது என வேண்டும் மனு இது என்ற விளக்கமும் பெரும்பாலும் உடன் வரும். நெடுநாளாகப் புழங்கும் சொல்லுக்கு மீண்டும் மீண்டும் உரை எழுத வேண்டியிருப்பது ஏன் என்ற வினாவிலிருந்து இக்கட்டுரை எழுகிறது. இச்சொல்லை 'எச்சரிக்கை மனு' என்றும் 'முன்னெச்சரிக்கை மனு' என்றும் பெயர்ப்பது அதன் இலக்கணத்தையும் வரலாற்றையும் மறைக்கிறது என்பதும், அம்மறைப்பால் வழக்காடுவோர்க்கு இழப்பு நேரக்கூடும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

இலத்தீன் வடிவமும் தமிழ் வியங்கோளும்

ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல், இலத்தீனிலோ முற்றுவினை. 'காத்துக்கொள்', 'விழிப்பாயிரு' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த படர்க்கை ஒருமை வடிவம் அது. முன்னிலையானை நோக்கி 'விழிப்பாயிரு' என ஏவுவதன்று. படர்க்கையான் ஒருவனைக் குறித்து 'அவன் விழிப்பாயிருக்க' என்பது. இதனைத் தமிழ் இலக்கண மாணவர்க்கு விளக்குவது எளிது. வியங்கோள் தன்மையோடும் முன்னிலையோடும் பொருந்தாது என்பது தொல்காப்பியர் கொள்கை. அதனை எல்லா இடத்திற்கும் பாலிற்கும் உரியதாக்கியது நன்னூல். இலத்தீன் வடிவம் தொல்காப்பியர் வரையறைக்குள் அடங்கும் வியங்கோள். 'வாங்குவோன் விழிப்பாயிருக்க' என்ற வணிகச் சட்ட முதுமொழியிலும் வருவது இதே வினைவடிவமே.

இவ்விலத்தீன் அடியின் ஒலியையும் 'காத்தல்' என்னும் பொருளையும் கண்டு, தமிழின் 'கா' என்னும் அடியோடு இதனை இணைக்க விழைவோர் இருக்கலாம். ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. இந்தோ-ஐரோப்பிய ஒப்பியலில் இவ்வடி 'கவனித்தல்' என்ற மூலப் பொருளினது. ஆங்கிலத்தில் 'காட்டு' எனப் பொருள்படும் 'ஷோ' என்ற வினையும் அதன் கிளையே.

திருச்சபை மன்றங்களிலிருந்து காப்புரிமை அலுவலகம் வரை

அந்த வியங்கோளுக்கு எழுவாய் யார்? இங்கிலாந்தின் திருச்சபை நடைமுறை இதற்கு விடை தருகிறது. காலியாகவுள்ள ஆலயப் பதவிக்கு உரிமை கோருவோர், 'ஆயர் விழிப்பாயிருக்க. எவரையும் அமர்த்தற்க' என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடரால் தம் மறுப்பைப் பதிவு செய்தனர். உயிலை மெய்ப்பிக்கும் வழக்குகளிலும் இவ்வழக்கம் நிலைத்தது. எனவே விழிப்பாயிருக்க வேண்டியவர் எதிராளி அல்லர். முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரே. நாளடைவில் தொடரின் முதற்சொல் முழு ஆவணத்துக்கும் பெயராகிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் அது பொது ஆங்கிலத்திலும் நுழைந்தது. நாடோடி ஏமாற்றுக்காரர்களைப் பற்றித் தாமஸ் ஹார்மன் எழுதிய நூலின் 1567-ஆம் ஆண்டுப் பதிப்பில், தலைப்பிலேயே 'கேவியட்' என்ற சொல்லை அடுத்து, 'அல்லது' என்னும் இணைப்போடு, எச்சரிக்கை எனப் பொருள்படும் நாட்டு ஆங்கிலச் சொல்லும் வைக்கப்பட்டுள்ளது. நம் நாளிதழ்கள் இன்று செய்வதை ஹார்மன் அன்றே செய்திருக்கிறார்.

இச்சொல்லின் பின்னால் எவ்வளவு பெரிய உரிமை நிற்கக்கூடும் என்பதை அமெரிக்கக் காப்புரிமை வரலாறு காட்டுகிறது. 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கண்டுபிடிப்பை இன்னும் முழுமையாக்காத ஒருவர் அதன் குறிப்பைக் 'கேவியட்' ஆகப் பதிவு செய்யலாம். அது மறைவாக வைக்கப்படும். ஓராண்டுக்குள் வேறொருவர் அதே பொருளுக்கு விண்ணப்பித்தால், பதிவு செய்தவருக்கு அலுவலகம் அறிவிக்க வேண்டும்; அவர் மூன்று மாதங்களுக்குள் முழு விண்ணப்பம் தரலாம். இத்தாலியிலிருந்து குடியேறிய அந்தோனியோ மெயுச்சி, குரலை மின்வழி அனுப்பும் தம் கருவிக்கு 1871 டிசம்பர் 28 அன்று இத்தகைய பதிவைச் செய்தார். 1874-க்குப் பின் அவரால் அதைப் புதுப்பிக்க இயலவில்லை. 1876 பிப்ரவரி 14 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் விண்ணப்பமும் எலிஷா கிரேயின் கேவியட்டும் ஒரே நாளில் அலுவலகத்தை அடைந்தன. மார்ச் 7 அன்று காப்புரிமை பெல்லுக்கு வழங்கப்பட்டது. பத்து டாலர் கட்டணத்தைச் செலுத்தி மெயுச்சி தம் பதிவைக் காத்திருந்தால் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்திராது என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 2002-இல் நிறைவேற்றிய தீர்மானம் கூறுகிறது. தொலைபேசியை முதலில் கண்டவர் யார் என்ற வாதம் நமக்கு இங்கு வேண்டுவதன்று. கேவியட் என்பது காலவரம்புக்கு உட்பட்ட உரிமை. புதுப்பிக்கத் தவறினால் அது எதையும் காக்காது என்பதே கருதத்தக்கது. இம்முறை 1910-இல் நீக்கப்பட்டது.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவில் இச்சொல் முதலில் உயில் சார்ந்த சட்டங்களின் வழியே வேரூன்றியது. 1865-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலும், இன்று நடப்பிலுள்ள 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 284-ஆம் பிரிவிலும் அது உண்டு. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கெனத் தரும் படிவம், இன்னாருக்கு அறிவிக்காமல் இறந்தவரின் சொத்து குறித்து எதுவும் செய்யப்படாதிருக்க என்னும் பொருளது. பழைய வியங்கோள் அங்கு அப்படியே உயிரோடிருக்கிறது.

பொதுவான உரிமையியல் வழக்குகளுக்கு அது விரிந்தது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்ட 148-அ பிரிவு 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் வரக்கூடும் என எதிர்பார்ப்பவர் முன்கூட்டியே கேவியட் பதிவு செய்யலாம். விண்ணப்பிக்கக்கூடியவருக்கு ஒப்புகையுடன் கூடிய பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். விண்ணப்பம் வந்தால் நீதிமன்றம் அவருக்கு அறிவிக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விண்ணப்பம் வராவிடில் அது செயலற்றுப் போகும்.

'எச்சரிக்கை' என்னும் பெயர்ப்பு

'எச்சரிக்கை' தெலுங்கு வழி வந்த சொல் எனத் தமிழ்ப் பேரகராதி குறிக்கிறது. மன்னர் வருகையில் கட்டியங்கூறுவோர் 'எச்சரிக்கை' என விளித்தது அவையோரைக் கவனத்தோடு இருக்கச் செய்வதற்கே. தியாகராசரின் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளிலும் இச்சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது. அந்நிலையில் அது இலத்தீன் சொல்லுக்கு மிக அண்மையில் நின்றது எனலாம். இன்றைய தமிழிலோ, வரவிருக்கும் தீங்கை உணர்த்துதல், 'செய்தால் விளைவு இது' என மிரட்டுதல் ஆகிய பொருள்களே மேலோங்கியுள்ளன. புயல் எச்சரிக்கையும் காவல்துறை எச்சரிக்கையும் கேட்டுப் பழகிய செவிக்கு, 'எச்சரிக்கை மனு' என்பது எதிராளிக்கு விடுக்கும் மிரட்டலாகவே ஒலிக்கும்.

பேச்சு வழக்கில் இதன் விளைவைக் காணலாம். 'கேவியட் போட்டு வைத்தாயிற்று, இனி அவனால் கோர்ட்டுக்குப் போக முடியாது' என்று ஆறுதல் கொள்வோர் உளர். சட்டம் அப்படி எதையும் தடுப்பதில்லை. கேவியட் தடையாணையன்று, எதிராளி வழக்குத் தொடரலாம், இரு தரப்பையும் கேட்டபின் அவருக்கே ஆணையும் கிடைக்கலாம். நிலத் தகராற்றில் ஒருமுறை கேவியட் போட்டுவிட்டு நான்காம் மாதத்திலும் அதையே நம்பியிருப்பவர், தம்மைக் கேளாமலேயே பிறந்த இடைக்கால ஆணையோடு விழித்தெழ நேரிடும்.

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் 'இந்த அளவுக்கே என் கூற்று பொருந்தும்' என்னும் வரம்புரையைக் குறிக்கிறது. ஆய்வுரைகளில் இப்பொருளே மிகுதி. தமிழ் இப்பொருளைக் கடன் பெறவில்லை. 'புறனடை' அருகில் வரினும், அது விடுபட்டதைச் சேர்ப்பது, இது சொன்னதைக் குறுக்குவது.

நீதிமன்றப் பொருளுக்குக் 'கேட்புரிமை அறிவிப்பு' என்னும் தொடர் பொருந்தும் என்பது என் எண்ணம். 'கேட்புரிமை மனு' என்பதினும் இது நீளம்தான். ஆயினும், மனு என்பது ஒன்றைத் தரும்படி வேண்டுவது. கேவியட் பதிவு செய்பவரோ அந்நிலையில் எந்த ஆணையையும் வேண்டுவதில்லை. 148-அ பிரிவும் அதை விண்ணப்பம் என்று சொல்லவில்லை.