ஓர் இரும்புக் கப்பல் தன் துறைக்குத் திரும்பிய வரலாறு

தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகரான போர்ட் ஸ்டான்லிக்கு அருகே, ஸ்பேரோ கோவ் என்னும் சிறு குடாவில் அடித்தட்டு துளையிடப்பட்டு 1937 முதல் மணலில் புதைந்து கிடந்த ‘கிரேட் பிரிட்டன்’ என்ற கப்பல், 1970ஆம் ஆண்டில் மிதக்கவைக்கப்பட்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தான் உருவான அதே உலர்துறைக்கு வந்து சேர்ந்தது. உலர்துறை என்பது, கப்பல் உள்ளே நுழைந்ததும் வாயிலை அடைத்து நீரை இறைத்துவிட்டு அடிப்பாகம் வரை வேலை செய்வதற்காகக் கல்லால் கட்டப்பட்ட பெரும்பள்ளம். பழங்கப்பல்களை மீட்டுக் காட்சிக்கு வைத்த நாடுகள் பல உண்டு என்றாலும், ஒரு கப்பல் தனக்கென்றே வெட்டப்பட்ட பள்ளத்துக்கு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் திரும்பியது அரிதினும் அரிது.

இசம்பார்டு கிங்டம் புரூனெல் என்னும் பொறியாளர் வடிவமைத்த இக்கப்பல் 1843 ஜூலை 19 அன்று இளவரசர் ஆல்பர்ட்டின் முன்னிலையில் நீரில் விடப்பட்டது. 322 அடி நீளமுள்ள உடல் முழுவதும் இரும்பு. பக்கவாட்டில் சுழலும் துடுப்புச் சக்கரங்களுக்குப் பதிலாக, பின்பகுதியில் நீருக்கடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் திருகுச் சுழலி அதற்குப் பொருத்தப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்த பெருங்கப்பல் ஒன்று அட்லாண்டிக்கைக் கடந்தது 1845இல், இதன் முதல் பயணத்தில்தான். ஆனால் பிரிஸ்டல் துறைமுகத்தின் மதகு வாயில் கப்பலின் அகலத்துக்குப் போதாமற்போகவே, நீரில் விடப்பட்ட பிறகும் ஓராண்டுக்கு மேல் அது பிறந்த ஊரிலேயே சிறைப்பட்டிருந்து, வாயிலின் கற்களைப் பெயர்த்தெடுத்த பின்னரே 1844 டிசம்பரில் வெளியேற முடிந்தது. அடுத்து 1846இல் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி ஏறத்தாழ ஓராண்டு அலைமோதக் கிடந்தும் உடல் உடையவில்லை. உடைந்தது அதை நடத்திய நிறுவனத்தின் நிதிநிலைதான். புதிய உரிமையாளர்களிடம் சென்ற கப்பல் 15,000க்கும் மேற்பட்ட குடியேறிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசேர்த்தது. இடையே 1857இல், வட இந்தியக் கிளர்ச்சியை ஒடுக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் படையினரைப் பம்பாய்க்கு ஏற்றிவந்தது என்பதால், இந்திய வாசகர்களுக்கும் இதன் வரலாற்றில் ஒரு கசப்பான பக்கம் உண்டு.

எந்திரங்கள் அகற்றப்பட்டு வெறும் பாய்மரச் சரக்குக் கப்பலாக மாற்றப்பட்ட நிலையில், 1886இல் நிலக்கரியுடன் தென்னமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்ற முயன்று புயலில் சேதமுற்று, போர்ட் ஸ்டான்லியில் ஒதுங்கியது. பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாதென்று கைவிடப்பட்டு, கம்பளியும் நிலக்கரியும் அடுக்கிவைக்கும் மிதக்கும் கிடங்காகப் பல பத்தாண்டுகள் நின்றது. அதற்கும் உதவாதென்றான பிறகே ஸ்பேரோ கோவில் அமிழ்த்தப்பட்டது.

1967 நவம்பரில் ‘தி டைம்ஸ்’ இதழில் கப்பற் பொறியாளர் இவான் கோர்லெட் எழுதிய ஒரு கடிதம் மீட்புத் திட்டத்துக்கு வித்திட்டது. அடுத்த ஆண்டு அவரே நேரில் சென்று ஆராய்ந்தபோது, தேனிரும்பால், அதாவது அடித்துப் பதப்படுத்திய பழைய வகை இரும்பால், ஆன தகடுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. கவலை தந்தது, வலப்பக்கத்தில் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஓடிய நெடும்பிளவு. அலையோட்டம் கப்பலின் இரு முனைகளுக்கும் அடியிலிருந்த மணலை அரித்துவிட்டதால், தாங்கலின்றித் தொங்கிய முனைகளின் கனம் நடுவுடலைப் பிளந்திருந்தது. இன்னும் சில ஆண்டுகள் விட்டிருந்தால் கப்பல் இரண்டாக முறிந்திருக்கும் என்று அஞ்சப்பட்டது. செலவை ஜாக் ஹேவர்டு என்னும் செல்வந்தர் ஏற்றுக்கொள்ள, பிரிட்டிஷ்-ஜெர்மானியக் கூட்டு நிறுவனமொன்று ‘முலஸ் 3’ என்ற அமிழும் மிதவைத்தளத்துடன் 1970 மார்ச் மாத இறுதியில் ஸ்டான்லியை வந்தடைந்தது. தன் தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொண்டு கடலடியில் அமர்ந்து, மேலே கப்பலை நிறுத்தியதும் நீரை வெளியேற்றி அதைச் சுமந்தபடி எழும்பும் தட்டையான மேடையே இத்தகைய மிதவைத்தளம்.

மிதவைத்தளத்தின் மேல் கப்பலைக் கொண்டுவருவதற்கு முன் அது தானே மிதக்க வேண்டியிருந்தது. பாய்மரங்கள் கழற்றப்பட்டன, துளைகள் அடைக்கப்பட்டன, நீர் இறைக்கப்பட்டது, பெரும்பிளவுக்கு ஸ்டான்லி மக்களிடம் கேட்டு வாங்கிய பழைய மெத்தைகள் திணிக்கப்பட்டன. திட்டக் குழுவின் தலைவர் ரிச்சர்டு கூல்ட்-ஆடம்ஸும் கோர்லெட்டும் இம்மீட்பைப் பற்றித் தனித்தனியே நூல் எழுதியுள்ளனர். எனினும் பொதுமக்களின் நினைவில் கணக்கீடுகளைவிட இந்த மெத்தைகளே ஆழமாகப் பதிந்திருக்கின்றன, அது நியாயமும்கூட. ஏப்ரல் நடுவில் கப்பல் மிதவைத்தளத்தின் மேலேறியது. ஏப்ரல் 24 அன்று ‘வேரியஸ் 2’ என்ற இழுவைக் கப்பலின் பின்னே ஸ்டான்லியை விட்டுப் புறப்பட்டு, உருகுவேயின் மான்டிவிடியோவில் சோதனைக்காகச் சில நாள் தங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து ஜூன் 22 அன்று வேல்ஸின் பாரி துறைமுகத்தை அடைந்தது.

கடைசிச் சில மைல்களைக் கப்பல் தன் சொந்த உடலில் மிதந்தே கடந்தது. ஜூலை 5 அன்று ஏவன் ஆற்றின் வழியே இழுத்துவரப்பட்டபோது கரைகளில் ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர் என்பர். வழியில் அது கடந்துசென்ற கிளிஃப்டன் தொங்குபாலமும் புரூனெலின் வடிவமைப்பே. அவர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் 1864இல்தான் அது முடிந்தது என்பதால், அவருடைய இவ்விரு படைப்புகளும் நிறைவுற்ற நிலையில் சந்தித்தது அன்றுதான் முதல் முறை. உலர்துறையில் நுழையப் போதிய ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், வரும்வரை இரு வாரங்கள் காத்திருந்து, ஜூலை 19 அன்று, நீரில் விடப்பட்டதன் 127ஆம் ஆண்டு நிறைவு நாளில், இளவரசர் பிலிப் கப்பலில் இருக்க அது உள்ளே சென்றது.

வீடு சேர்ந்ததோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. பல்லாண்டுகள் கடலில் இருந்த இரும்பினுள் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தகடுகளைத் தொடர்ந்து அரித்தது. இத்துரு கடலைவிடப் பொல்லாதது என்பது மெல்லவே புரிந்தது. 2005இல் கப்பலின் நீர்க்கோட்டு மட்டத்தில் உலர்துறையை மூடிக் கண்ணாடிக் கூரை போடப்பட்டு, அதன் கீழே காற்றின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. மேலே மெல்லிய நீர்ப்படலம் ஓடுவதால் பார்ப்பவருக்குக் கப்பல் கடலில் நிற்பதாகவே தோன்றும். நீருக்கென்று பிறந்த கப்பல் இன்று பாலைவனத்துக்கு ஒப்பான வறண்ட காற்றில் பிழைத்திருக்கிறது. அதன் பின்பாய்மரம் மட்டும் பிரிஸ்டலுக்குத் திரும்பவில்லை. அது இன்றும் போர்ட் ஸ்டான்லியின் கடற்கரையோரத்தில் கிடக்கிறது.